சட்டம் படிக்கும் பிள்ளைகளும் அவர்களின் வாசிப்புச் சுமையும்

நமது சங்க அங்கத்தவர்களின் பிள்ளைகளுள் ஒரு காலத்தில் வைத்தியமும் பொறியியலும் கணக்கியலும் கற்றவர்களே மிகுதியாக இருந்தனர். இப்பொழுது சட்டம் கற்போரின் தொகையும் பெருகி வருகின்றது. இது மகிழ்ச்சிக்குரிய மாற்றமே. ஆயினும் இதனோடு கூடவே பெற்றோரின் முறைப்பாடு ஒன்றும் என் காதில் அடிக்கடி விழுகின்றது. "பிள்ளை எந்நேரமும் அறைக்குள் இருந்து வாசிக்கிறாள். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வரவும் நேரமில்லை என்கிறாள். கேட்டால் இன்னும் பாதிகூட முடியவில்லையாம். அப்படி என்னதான் வாசிக்கக் கிடக்கிறது?" என்று ஒரு தாயார் கேட்டார். தம் மகன் முதலாந் தவணையிலேயே படிப்பை விட்டுவிடப் போவதாகச் சொல்கிறான் என்று இன்னொருவர் கண் கலங்கினார்.

இலண்டனில் முப்பது ஆண்டுகளுக்குச் சற்று மேலாகச் சொலிசிட்டராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இது பற்றிச் சில வார்த்தைகள் எழுதுவது பயன்படும் என எண்ணுகிறேன். சட்டப் பகுதியில் நான் எந்த நிபுணனும் அல்லன். வாசித்து வாசித்துக் கண் கெட்டவர்களுள் நானும் ஒருவன், அவ்வளவே.

முதலில் இந்தச் சுமை எங்கிருந்து வருகிறது என்பதைப் பெற்றோர் விளங்கிக்கொள்ள வேண்டும். வைத்திய மாணவனுக்கும் படிப்பு மிகுதிதான். ஆனால் அவனுக்குப் பாடநூல் என்று ஒன்று உண்டு. தெரிய வேண்டியவை பெரும்பாலும் அதற்குள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். இங்கிலாந்தின் சட்டமோ அப்படி ஒரு நூலுக்குள் அடங்குவதன்று. பாராளுமன்றம் இயற்றிய சட்டங்கள் ஒரு பக்கம். 2006 ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டம் ஒன்றிலேயே 1,300 பிரிவுகள் உள்ளன. மறு பக்கம் நூற்றாண்டுகளாக நீதிபதிகள் எழுதி வைத்த தீர்ப்புகள். ஒப்பந்தம், தீங்கியல், நம்பிக்கைப் பொறுப்பு ஆகிய பாடங்களில் சட்டத்தின் பெரும் பகுதி இந்தத் தீர்ப்புகளுக்குள்ளேதான் கிடக்கின்றது. ஒவ்வொரு தீர்ப்பும் ஒருவருடைய வழக்கைத் தீர்ப்பதற்காக எழுதப்பட்டதேயன்றி, மாணவனுக்குப் பாடம் சொல்வதற்காக எழுதப்பட்டதன்று. நெல்லுக்குள் அரிசி இருப்பது போலச் சட்டம் அதற்குள் இருக்கிறது. குற்றி எடுப்பது வாசிப்பவனின் பொறுப்பு.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். என் தங்கையின் மகன் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் தங்கிச் சட்டம் படித்தான். ஒரு பாடத்தின் ஒரு கருத்தரங்குக்கு அவனுக்குக் கொடுத்திருந்த பட்டியலை வாங்கிப் பார்த்தேன். தீர்ப்புகள் 4, சராசரி 40 பக்கம். பாடநூலில் ஒரு அதிகாரம், 40 பக்கம். சஞ்சிகைக் கட்டுரை ஒன்று, 25 பக்கம். மொத்தம் 225 பக்கம். கதைப் புத்தகம் என்றால் ஒரு மாலைக்குள் பெரும் பகுதியைத் தள்ளிவிடலாம். சட்டப் பக்கத்துக்கு 3 நிமிடமாவது வேண்டும். அப்படியென்றால் 675 நிமிடம், அதாவது பதினொன்றே கால் மணித்தியாலம். கிழமைக்கு இப்படி இரண்டு கருத்தரங்குகள் வந்தன. விரிவுரைகளும் கட்டுரை எழுதும் வேலையும் இதற்கு வெளியே. இதற்கும் மேல், கிழமையில் இரண்டு இரவு ஒரு கடையில் வேலையும் செய்தான்.

அவன் எல்லாவற்றையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே விதமாக வாசித்தான். மஞ்சள் நிறப் பேனையால் கோடு போடத் தொடங்கி, கடைசியில் பக்கம் முழுவதுமே மஞ்சளாகிவிடும். இரவு இரண்டு மணிக்கு நான் தண்ணீர் குடிக்க எழும்பும்போதும் அவன் அறையில் விளக்கு எரியும். சாப்பாடு குறைந்தது, முகம் வாடியது. லெஸ்டரில் இருக்கும் என் தங்கை, பிள்ளைக்குக் கண்ணூறு பட்டுவிட்டது என்று தொலைபேசியில் அழுதாள். ஒரு நாள் அவனே வந்து, "மாமா, எனக்கு இது சரிவராது போலக் கிடக்கு. மற்றப் பிள்ளையளெல்லாம் வாசிச்சு முடிச்சிட்டினம். எனக்குத்தான் மூளை காணாது" என்றான்.

மற்றப் பிள்ளைகளும் வாசித்து முடிக்கவில்லை என்பதை நான் அறிவேன். முடித்ததாகச் சொல்லிக்கொள்வது மாணவர்களிடையே உள்ள ஒரு பழக்கம். ஆனால் அதைச் சொல்லி அவனைத் தேற்ற முடியாது. "இன்றைக்கு எந்த வழக்கு?" என்று கேட்டேன். 1932 ஆம் ஆண்டின் டொனகியூ எதிர் ஸ்ரீவன்சன் என்றான். சட்டம் படிக்கும் எவரும் தப்ப முடியாத வழக்கு அது. "அதை எனக்குச் சொல்ல வேண்டாம். உள்ளே போய் அம்மம்மாவுக்குத் தமிழில் கதையாகச் சொல்லு" என்று அனுப்பினேன். அப்பொழுது என் தாயாருக்கு எண்பத்தாறு வயது. அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை.

அவன் சொன்னான். 1928 ஆகஸ்ட் 26 ஆம் திகதி, ஸ்கொத்லாந்தில் பெய்ஸ்லி என்னும் ஊரிலே ஒரு தேநீர்க்கடை. ஒரு பெண்மணிக்கு அவருடைய சிநேகிதி ஜிஞ்சர் பியர் வாங்கிக் கொடுக்கிறார். போத்தல் உள்ளே தெரியாத கறுத்தக் கண்ணாடி. பாதி குடித்த பின் மிச்சத்தை ஊற்றும்போது அழுகிய நத்தை ஒன்று வந்து விழுந்ததாம். பெண்மணிக்கு வயிற்று வருத்தம். பணம் கொடுத்தவர் சிநேகிதியாதலால் கடைக்காரனோடு இவருக்கு ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஆகவே போத்தலை அடைத்து விற்ற உற்பத்தியாளர் மேல் வழக்கு. அவருக்கு இவரிடம் ஏதும் கடமை உண்டா என்பதே கேள்வி. பிரபுக்கள் சபையின் ஐந்து நீதிபதிகளில் மூவர் உண்டு என்றனர், இருவர் இல்லை என்றனர். நம்முடைய செயலால் நேராகப் பாதிக்கப்படுவார் என்று நாம் நியாயமாக எண்ணிப் பார்க்க வேண்டியவர் எவரோ, அவரே சட்டத்தின் கண்ணில் நமக்கு அயலவர் என்பது அட்கின் பிரபு காட்டிய வழி.

என் தாயார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது சரி ராசா, போத்தலுக்குள்ள நத்தை கிடந்ததை ஆர் கண்டது?" என்றார்.

பையன் திகைத்துப்போய் என்னிடம் ஓடி வந்தான். அவரே கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறார், போய்ப் பார் என்றேன். உண்மை என்னவென்றால், அந்த நத்தை ஒரு நாளும் நிரூபிக்கப்படவில்லை. அந்தப் பெண்மணி சொல்வதெல்லாம் உண்மை என்று வைத்துக்கொண்டால் சட்டப்படி வழக்கு நிற்குமா என்ற ஒரு கேள்வியையே பிரபுக்கள் சபை தீர்த்தது. சாட்சியம் கேட்கும் கட்டம் வருவதற்கு முன் உற்பத்தியாளர் காலமாகிவிட, வழக்குச் சமாதானமாக முடிந்தது. ஏறத்தாழ 60 பக்கம் கொண்ட அந்தத் தீர்ப்பை இரவு முழுவதும் மஞ்சளாக்கியவன் காணாததை, கதையாகக் கேட்ட கிழவி கண்டார். அன்று தொடங்கி அவன் ஒவ்வொரு வழக்கையும் வாசித்தபின் அம்மம்மாவுக்கு ஐந்து வசனத்தில் சொல்வதை வழக்கமாக்கினான். யார் யாருக்கு எதிராக வந்தார்? என்ன நடந்தது? நீதிமன்றத்தின் முன் நின்ற கேள்வி என்ன? விடை என்ன? அதற்குச் சொன்ன காரணம் என்ன? இந்த ஐந்தையும் சொல்ல முடிந்தால் வாசித்தாயிற்று. சொல்ல முடியாவிட்டால் எத்தனை பக்கம் புரட்டினாலும் வாசிக்கவில்லை.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பன்று. யாழ்ப்பாணத்தில் இளைஞனாக இருந்த காலத்தில் நான் ஒரு பிரக்கிராசியாரின் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தேன். 1974 இல் அப்புக்காத்து, பிரக்கிராசி என்ற பிரிவு நீங்கி எல்லோரும் சட்டத்தரணிகள் ஆகிவிட்டபோதிலும் ஊரார் அவரைப் பிரக்கிராசியார் என்றே அழைத்தனர். காணி உறுதி ஒன்று வந்தால் அவர் கண்ணை மூடிக்கொண்டு, "வாசி தம்பி" என்பார். நான் உரத்து வாசிக்க வேண்டும். பரப்பும் குழியும், நாற்றிசை எல்லையும், முதுசமா சீதனமா தேடிய தேட்டமா என்பதும் வரும். நான் வேகமாக ஓடிவிடும் கடைசி வரியில் கையை உயர்த்தி நிறுத்துவார். அந்த வரியிலேதான் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் இருக்கும். "காணியை வாங்கிப்போட்டுக் கிணத்தடிக்குப் போக வழியில்லாமல் நிக்கிறவன் எங்களிட்டைத்தான் திரும்ப வருவான்" என்பது அவர் வாக்கு.

நமது தேசவழமையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒல்லாந்தர் காலத்தில், 1707 ஆம் ஆண்டளவில் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி தொகுத்து, பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து உறுதிப்படுத்திய அந்தத் தொகுப்பு மிகச் சிறியது. ஆயினும் அதன் கீழ் ஒரு பெண்ணின் சீதனக் காணி பற்றி அபிப்பிராயம் சொல்ல வேண்டுமானால், 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தையும், 1947 இல் அதற்கு வந்த திருத்தத்தையும், அவற்றுக்குப் பொருள் கூறிய தீர்ப்புகளையும் வாசித்தாக வேண்டும். மூலம் சிறிதாக இருக்கலாம். அதைப் பற்றி மனிதர் பட்ட சண்டை பெரிது.

குறிப்புப் புத்தகங்களை மட்டும் வாசித்துத் தப்பிவிடலாமே என்று சில பிள்ளைகள் கேட்கின்றனர். இக்கேள்வி புதியதன்று. மகாத்மா காந்தி 1888 இல் சட்டம் பயில இலண்டனுக்கு வந்தார். அக்காலத்தில் பலர் ரோமன் சட்டத்துக்குச் சில கிழமைகளும், பொதுச் சட்டத்துக்கு இரண்டு மூன்று மாதங்களும் குறிப்புகளைப் புரட்டிச் சோதனையில் சித்தி பெற்று வந்ததை அவர் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவரோ பாடநூல்களைப் பணம் கொடுத்து வாங்கி முழுவதுமாக வாசித்தார். ரோமன் சட்டத்தை இலத்தீன் மொழியிலேயே படித்தார். பொதுச் சட்டத்துக்கு ஒன்பது மாதங்கள் உழைத்தார். அவ்வளவு படித்தும், 1891 ஜூன் 10 ஆம் திகதி பாரிஸ்டராக அழைக்கப்பட்டபோது தமக்குத் தொழில் தெரியாது என்ற அச்சமே அவரிடம் இருந்தது. வாசிப்பு உடனே துணிவைத் தருவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. பின்னர் தென்னாபிரிக்காவில் ஒரு பெரிய கணக்கு வழக்கின் ஆவணங்களை ஊன்றி வாசித்தபோதுதான் உண்மைகளை அறிவதே சட்டத்தின் பெரும் பங்கு என்பது தமக்கு விளங்கியதாக அவர் கூறுகிறார்.

படிப்பு முடிந்தால் சுமை முடியும் என்று எண்ணுவதற்குமில்லை. 2021 முதல் சொலிசிட்டராக விரும்புவோருக்கு நடைபெறும் புதிய சோதனையின் முதற் பகுதியில் மாத்திரம் 360 கேள்விகள். அதன்பின் தொழில். 'பண்டில்' என்று இங்கு சொல்லப்படும் ஆவணக் கட்டு முன்பு பெட்டி பெட்டியாக வரும். இப்போது கணினியில் ஒரே கோப்பாக வருகிறது. பாரம் தோளிலிருந்து கண்ணுக்கு மாறியிருக்கிறது, வேறொன்றுமில்லை.

அந்தக் கட்டுக்குள் ஒரு மனிதனின் வாழ்வு கிடக்கிறது என்பதை ஒரு வழக்கு எனக்கு மறக்க முடியாதபடி காட்டியது. ஆளை அடையாளம் காண முடியாதபடி சொல்கிறேன். நம் ஊர் இளைஞர் ஒருவரின் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. தாம் பிடிபட்டது ஜூலை என்று ஒரு விசாரணையிலும் ஆகஸ்ட் என்று மற்றொன்றிலும் சொன்னார், ஆகவே அவர் சொல்வது நம்பத்தக்கதன்று என்பது காரணங்களுள் முதன்மையானது. கட்டு 400 பக்கத்துக்கு மேல். மேன்முறையீட்டுக்கு மூன்று நாள் இருக்கையில், இரவில் 280 ஆம் பக்கத்தை அண்டிய இடத்தில் அவருடைய தாயார் கைப்பட எழுதிய தமிழ்க் கடிதத்தைக் கண்டேன். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பில் 'அமாவாசைக்கு அடுத்த நாள்' என்று மட்டும் இருந்தது. தமிழில் 'ஆடி அமாவாசைக்கு அடுத்த நாள்' என்றிருந்தது.

ஆடி மாதம் ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிவது என்பது நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். இளைஞர் இரண்டு தடவையும் 'ஆடி' என்றே சொல்லியிருக்கிறார். ஒரு மொழிபெயர்ப்பாளர் ஜூலை என்றார். மற்றவர் ஆகஸ்ட் என்றார். அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்தோம். ஆடி அமாவாசை ஆகஸ்ட் முதற் கிழமையில் வந்திருந்தது. பஞ்சாங்கத்தின் அந்தப் பக்கம் மொழிபெயர்க்கப்பட்டு நீதிபதியின் முன் வைக்கப்பட்டது. முரண்பாடு என்று ஒன்றுமே இல்லை என்பதை அவர் ஏற்றுக்கொண்டார், மேன்முறையீடும் வென்றது. அந்த இளைஞர் இன்று இரண்டு பிள்ளைகளின் தந்தை. 279 ஆம் பக்கத்தோடு களைத்துப் படுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றும் எண்ணுவதுண்டு.

எழுதுவோரும் வாசிப்போர் மேல் இரக்கம் காட்ட வேண்டும் என்பதை இந்நாட்டு நீதிமன்றங்கள் பழைய காலத்திலேயே உணர்ந்திருந்தன. 1596 இல் மில்வார்ட் எதிர் வெல்டன் என்ற வழக்கில் 16 தாளில் அடங்கக்கூடிய பதிலை ஒருவர் 120 தாளில் எழுதிக் கொடுத்தார். நீதிமன்றம் கோபித்து, அந்தத் தாள்களின் நடுவே துளையிட்டு அவர் தலையை அதற்குள் நுழைத்து, எழுத்துப் பக்கம் வெளியே தெரியத் தோளில் தொங்கவிட்டு, வெஸ்ற்மின்ஸ்ரர் மண்டபத்தைச் சுற்றி நடத்திக் காட்டும்படி கட்டளையிட்டது. தண்டப்பணம் வேறு. இன்று மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வாதச் சுருக்கம் சாதாரணமாக 25 பக்கத்துக்கு மேற்படலாகாது என்பது விதி. தலையை நுழைக்கும் வழக்கம் மட்டும் ஒழிந்துவிட்டது.

இப்பொழுது புதிதாக ஒரு சோதனை வந்திருக்கிறது. செயற்கை அறிவு இயந்திரத்திடம் கொடுத்தால் அது எல்லாவற்றையும் சுருக்கித் தரும் என்கிறார்கள். தரும்தான். இல்லாத தீர்ப்பையும் இருப்பதாகச் சொல்லித் தரும். 2025 ஜூன் மாதத்தில் இலண்டன் உயர் நீதிமன்றம் இது பற்றிக் கடுமையாக எச்சரித்தது. அதன் முன் வந்த ஒரு விடயத்தில் காட்டப்பட்ட 45 மேற்கோள் வழக்குகளுள் 18 உலகத்திலேயே இல்லாதவை. இயந்திரத்தை வழிகாட்டியாகக் கொள்வதில் தவறில்லை. ஆனால் வழக்கை எடுத்து வாசித்தேன் என்று நீதிபதி முன் நின்று சொல்ல வேண்டியவர் மனிதரே.

பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இது. எல்லாவற்றையும் ஒரே விதமாக வாசிக்க வேண்டாம். முதலில் பாடநூல் அதிகாரத்தைப் படித்து, எதைத் தேடுகிறீர்கள் என்பதை அறிந்துகொண்டு தீர்ப்புக்குள் இறங்குங்கள். தீர்ப்பின் தலைக்குறிப்பு அறிக்கையாளர் எழுதியது. வழிகாட்டப் பயன்படும், ஆதாரமாகாது. முக்கியமான வழக்கை முழுவதும், மாறுபட்ட நீதிபதியின் தீர்ப்போடு சேர்த்து வாசியுங்கள். துணை வழக்கில் வேண்டிய பந்திகள் போதும். ஐந்து வசனத்தில் சொல்லிப் பாருங்கள். இரவு பன்னிரண்டுக்குப் பின் வாசிக்கும் பத்துப் பக்கத்தைவிட, நித்திரை கொண்டு எழுந்து வாசிக்கும் இரண்டு பக்கம் மேல். முடியாத கிழமையில் முடியவில்லை என்று ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவரும் ஒரு காலத்தில் முடிக்காதவரே.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். கதவைத் திறந்து "முடிஞ்சுதோ?" என்று கேளாதீர்கள். இந்தப் படிப்பில் முடிவு என்று ஒன்றில்லை. ஒவ்வொரு நாளும் கேட்டால் பிள்ளை தன்னில்தான் குறை என்று நினைத்துக்கொள்ளும். "இண்டைக்கு என்ன வழக்கு, எனக்குச் சொல்லு பாப்பம்" என்று கேளுங்கள். உங்களுக்குச் சட்டம் தெரியாது என்பது தடையன்று; உண்மையில் அதுவே நல்லது. உங்களுக்கு விளங்கும்படி சொல்லக்கூடியவர் நாளைக்கு நீதிபதிக்கும் விளங்கும்படி சொல்வார். பிள்ளை உண்ணாமல் உறங்காமல் இருந்தால் அதைக் கண்ணூறு என்று விட்டுவிடாமல் குடும்ப வைத்தியரிடமும் பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பகுதியிடமும் அழைத்துச் செல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என் மருமகன் இன்று வட இங்கிலாந்தில் வாடகை வீட்டுக்காரரின் வழக்குகளைப் பார்க்கும் சொலிசிட்டர். என் தாயார் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சங்கத்தின் மேல் மாடியில் உள்ள நூலக அறை சனிக்கிழமைகளில் பிற்பகல் முழுவதும் வெறுமையாகக் கிடக்கிறது. சட்டம் படிக்கும் பிள்ளைகள் வந்து அமைதியாக இருந்து வாசிக்க அதைத் திறந்துவிடலாம் என்று செயற்குழு இணங்கியுள்ளது. நானும் அங்கே ஒரு மூலையில் இருப்பேன். பாடம் சொல்லித் தரமாட்டேன். வாசித்த வழக்கை யாராவது சொல்ல வந்தால் கேட்டுக்கொண்டிருப்பேன். தேநீரும் உண்டு.